மில் கேட் சவுரியம்மாள்

எங்கள் ஊருக்குத் தாலுகா கணக்கில் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரனே விழிப்பான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஏறினால், கூட்டேரிப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில், "மில் கேட்டெல்லாம் முன்னாடி வா" என்று கண்டக்டர் சத்தம் போடுவார். அதுதான் எங்கள் ஊர். நூல் மில்லை மூடிப் பல வருஷம் ஆகியும் அவர் அப்படித்தான் கத்துகிறார். இறங்கிப் பார்த்தால் கேட் மட்டும்தான் நிற்கிறது.

அந்த கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். பெயர் தாண்டவராயன். மில் ஓடின காலத்தில் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு என் கடை வாசலில் காற்றடிக்க வரிசை நிற்கும். மில்லை மூடியதும் அதே சைக்கிள்கள் ஒவ்வொன்றாக என்னிடமே விலைக்கு வந்தன. அந்தக் கதையைச் சொல்லிப் புலம்ப நான் உட்காரவில்லை. ரீலிங் சவுரியம்மாளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மில்காரர்கள் அவளுக்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இதைப் பொறுமையாகச் சொல்லு என்று கேட்டால் என்னால் ஆகாது.

சவுரியம்மாள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்த ஞானராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அந்தக் காலத்தில் மில் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். வந்த மறு வருஷமே அவளும் ரீலிங் செக்‌ஷனில் சேர்ந்துவிட்டாள். பாபினில் வரும் நூலைச் சுற்றிச் சிட்டம் சிட்டமாகக் கட்டும் இடம் அது. கைத்தறிக்காரர்களுக்குப் போகும் நூல். ரீலிங்கில் முழுக்கப் பெண்கள்தான்.

அவள் வாய் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அங்கே ஒரு மேஸ்திரி இருந்தான். பெண்கள் கக்கூசுக்குப் போனால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நிற்பான். திரும்பி வந்தால், "இவ்ளோ நேரமா?" என்பான். ஒருநாள் சவுரியம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு அவனிடம் போய், "வா மேஸ்திரி, நீயும் கூட வா. வாசல்லயே நின்னுகினு பாரு. அப்பத்தான் கணக்கு சரியா வரும்" என்றாள். செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. அந்த மேஸ்திரி அதற்குப் பிறகு வாட்ச்சைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தான்.

அவர்கள் குடியிருந்தது லைன் வீடு. மில்லுக்குப் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டின ஓட்டு வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி. ஜன்னல் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பஞ்சுத் தூசு வரும், மூடினால் மூச்சு முட்டும். இருந்தாலும் மில் ஓடுகிற வரைக்கும் குழாயில் தண்ணீர் வந்தது, வீட்டுக்கு ஒரு பல்பு எரிந்தது. இரண்டும் மில்லின் தயவு.

எண்பத்திரண்டில் கேட்டைப் பூட்டினார்கள். நஷ்டம் என்றார்கள். நூல் விலை என்றார்கள், கரண்ட் வெட்டு என்றார்கள். நஷ்டத்தில் இருந்த முதலாளி அந்த வருஷம்தான் புதுக் கார் வாங்கினார். பூட்டின மாதமே லைன் வீடுகளின் கரண்ட்டைப் பிடுங்கினார்கள். அடுத்து மோட்டாரை நிறுத்தினார்கள். குழாயில் காற்று வந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரியதம்பியின் கொல்லைக்கு நடந்தார்கள். பெரியதம்பி எங்கள் ஊரில் நிலபுலன் உள்ள மனிதர், பம்ப்செட் வைத்திருப்பவர். தண்ணீர் தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கும் நாளில் வந்து ஒரு கை கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். ஒரு கை என்பது காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். கூலி கிடையாது, அதுதான் தண்ணீர் கொடுக்கிறாரே. நாக்கு வறண்டவனிடம் வேலை வாங்குவது எவ்வளவு சுலபம் என்று நான் அப்போது பார்த்தேன். அவர் கோயிலுக்குத் திருப்பணி செய்த புண்ணியவான் என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு.

ஆண்கள் கரும்பு வெட்டப் போனார்கள். சிலர் குயிலாப்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்கள் கட்டடம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். ஞானராஜ் ஒரு செங்கல் சூளையில் மண் பிசைந்தான். ஸ்பானரைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை. சாயங்காலம் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஏதாவது சைக்கிளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பான். நானும் விடுவேன்.

சவுரியம்மாள் மட்டும் கேட்டை விட்டு நகரவில்லை. எதிரிலேயே கீற்றுக் கொட்டாய் ஒன்று போட்டு, பெண்களை முறை வைத்துக் காவல் உட்கார வைத்தாள். தொழிற்சங்கத் தலைவர் ஒருநாள் மெட்ராஸிலிருந்து வந்து, "எதுக்கும்மா வெயில்ல கிடக்கறீங்க? நான் பேசிக்கிறேன்" என்றார். அவருக்கு அவள் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன்.

"உள்ள மெஷின் இருக்கற வரிக்கும் இது மூடிக் கெடக்கற மில்லுங்க. இன்னிக்கில்லாங்காட்டி நாளைக்கு எவனாவது தொறப்பான். மெஷின் வெளிய போய்ட்ச்சின்னா இது வெறும் செவுரு. செவுத்துக்கு யாருங்க வேல குடுப்பா?"

அவ்வளவுதான் விஷயம். அடுத்த மூன்று வருஷமும் அந்த லைன் வீடுகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு நினைப்பில்தான். மெஷின் வெளியே போகக் கூடாது. முதல் வருஷமே இரண்டு லாரி வந்தது. சவுரியம்மாள் முன் சக்கரத்தை ஒட்டிக் காலை நீட்டி உட்கார்ந்து, மடியிலிருந்த கேப்பையை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு முறத்தோடு உட்கார்ந்தார்கள். டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்தான். பிறகு இறங்கி பீடி குடித்தான். பிறகு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இனி ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும்.

மில் ஓடின காலத்தில் தீபாவளியை விட ஆயுத பூஜைதான் எங்களுக்குப் பெரிது. மூன்று நாள் மெஷின்களைத் துடைப்பார்கள். சந்தனம், குங்குமம், வாழைக் கன்று, பொரி, கடலை. இந்து, கிறிஸ்தவர் என்ற பேச்சே கிடையாது. ரீலிங்கில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் அந்தோணியார் படத்தை ஒட்டினவள் சவுரியம்மாள்தான். தன் மெஷினுக்கு மட்டும் சந்தனத்தைச் சிலுவையாக இழுப்பாள். மில்லைப் பூட்டின பிறகும் பூஜை நிற்கவில்லை. உள்ளே போக முடியாதே, அதனால் கேட்டைக் கழுவி, தொங்கின பூட்டுக்குப் பொட்டு வைத்து, அதற்கே கற்பூரம் காட்டினார்கள். தங்களை வெளியே தள்ளிப் பூட்டின பூட்டுக்கு. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை.

எண்பத்தைந்தில் பூஜைக்கு முன்னால் விருத்தாசலம் என்கிற மில் மேனேஜர் வந்தார். கொட்டாயில் அவரே வந்து கீழே உட்கார்ந்தார். அதைப் பார்த்தே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"இந்த வருஷம் பூஜைய உள்ளயே போடலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. சாவி கொண்டாந்திருக்கேன். பாழாக் கெடக்குது, நல்லா க்ளீன் பண்ணுங்க. அன்னிக்குப் பெரிய மனுஷங்க ரெண்டு பேர் வர்றாங்க" என்றார்.

"எதுக்கு வர்றாங்க சார்?" என்று கேட்டாள் சவுரியம்மாள்.

"மில்லு விஷயமாத்தாம்மா. எல்லாம் நல்லதுக்குத்தான். இப்பவே வாயத் தொறந்து சொல்லக் கூடாது."

சொல்லக் கூடாது என்று சொன்ன விதத்திலேயே சொல்லிவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மில்லைத் திறக்கப் போகிறார்கள். புது முதலாளி பார்க்க வருகிறார். பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். போகும்போது விருத்தாசலம் கொட்டாயைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"இதுவும் அன்னிக்கு வேணாம். வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? தகராறு புடிச்ச ஊருன்னு காரைத் திருப்பிகினு போய்டுவாங்க."

கொட்டாயைப் பிரித்தார்கள். கீற்றை அடுப்புக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கேட்டைத் திறந்து உள்ளே போனபோது நானும் கூடப் போனேன். தரையெல்லாம் புறா எச்சம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின்களுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. நூல் முறுக்கும் கதிர்கள் துருப்பிடித்துச் சுற்ற மறுத்தன. ஒருத்தரும் மூக்கைச் சுளிக்கவில்லை. கரும்பு வெட்டப் போனவர்கள், சூளைக்குப் போனவர்கள் எல்லோரும் கூலியை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ரேஷனில் வாங்கி வைத்த கிருஷ்ணாயில் கேன் கேனாக வந்தது. விளக்கெரிக்க வைத்திருந்த எண்ணெய் அது. அதை ஊற்றித் துருவைத் தேய்த்தார்கள். அந்த மாதம் முழுக்க லைன் வீடுகள் இருட்டில் சாப்பிட்டன. செங்கல் தூள், தேங்காய் நார், பழைய புடவை, எது கிடைத்ததோ அதை எடுத்துத் தேய்த்தார்கள். சவுரியம்மாள் அடுப்படியில் இருந்த மல்லாட்டை எண்ணெயைக் கொண்டுவந்து ரீலுக்குத் தடவினாள். ஞானராஜ் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏம்மே, இன்னா வடையா சுடப் போற? அது பிசுக்குப் புடிச்சிக்கும். தொட."

"நீ ஒழுங்கா எண்ண வாங்கியாந்து குடுத்தா நான் ஏன்யா இத்த ஊத்தறேன்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஞானராஜ் ஒவ்வொரு மெஷினாகக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டினான். கரண்ட் இல்லை, ஆனால் கையால் தள்ளினால் எல்லாம் சுற்றியது. பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் பார்த்தால் மெஷின்கள் வந்து இறங்கின அன்றைக்கு இருந்த மாதிரி மின்னின. கூலி கொடுத்து வேலை வாங்கியிருந்தால் இப்படி ஒருத்தனும் செய்திருக்க மாட்டான்.

பூஜையன்றைக்கு இரண்டு கார் வந்தது. விருத்தாசலம் கதவைத் திறந்துவிட, வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர், மரியாதையாகப் பேசினார். அவர்களுக்குச் சந்தனம் கொடுத்தார்கள், பொரி கொடுத்தார்கள். அந்தக் கோயமுத்தூர்க்காரர் மெஷின் மெஷினாகக் குனிந்து பார்த்தார், அடியில் விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். இவருக்கு எவ்வளவு அக்கறை என்று எங்கள் ஆட்கள் பூரித்துப் போனார்கள். ரீலிங்குக்கு வந்தபோது சவுரியம்மாளே நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா. இது என் மெஷினுங்க. மூணு வருசம் சும்மாக் கெடந்தும் பாருங்க, ஒரு ஆட்டம் இல்ல" என்று கையால் சுற்றிக் காட்டினாள். "நூலு அறாது. எவ்ளோ வேகமா ஓட்டனாலும் அறாது. அந்தப் பக்கம் இருக்கறதும் அப்டித்தாங்க. எங்க வூட்டுக்காரரு கை வெச்சது."

ஒவ்வொரு மெஷினின் குணத்தையும் எடுத்துச் சொன்னாள். இது எந்த நூலுக்கு நல்லது, அது எத்தனை வருஷம் ரிப்பேர் வரவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மேஸ்திரியையே மடக்கின வாய் அது. வேலை திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையில் அன்றைக்கு அப்படிக் குழைந்தது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்திலேயே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாரே விருத்தாசலம், அவரைத்தான் சொல்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம், இருமியாவது இருக்கலாம்.

பூஜை முடிந்து கேட்டைப் பூட்டினார்கள். கொட்டாயைத் திரும்பப் போடவில்லை. எதற்குப் போட வேண்டும், மில்தான் திறக்கப் போகிறதே.

தீபாவளி கழிந்து, ஒருநாள் காலையில் போலீஸ் வேன் வந்தது. அதன் பின்னால் லாரிகள் வந்தன. விற்றுவிடலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாம். சங்கத் தலைவரும் மெட்ராஸில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இதெல்லாம் இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பெண்கள் ஓடி வருவதற்குள் லாரிகள் கேட்டுக்குள் போய்விட்டன. தடுப்பதற்கு வாசலில் யாருமில்லை. சவுரியம்மாள் பெரியதம்பி கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவள், சேலையில் மண்ணோடு ஓடி வந்தாள். இரண்டு பெண் போலீஸ் அவளைப் பிடித்து என் கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். கத்தினாள், மண்ணை வாரித் தூற்றினாள். உள்ளே இரும்பு மேல் இரும்பு விழும் சத்தம் கேட்டது.

கழற்ற வந்த ஆட்களுக்கு அந்த மெஷின்கள் பழக்கமில்லை. சம்மட்டியால் அடித்து ஒன்றை உடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கான்ட்ராக்ட்காரன் வெளியே வந்து, "இங்க பிட்டர் யாராவது கீறீங்களா? தெனக்கூலி, சாப்பாடு" என்று கேட்டான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஞானராஜ் எழுந்தான்.

சவுரியம்மாள் அவன் வேட்டியைப் பிடித்தாள். "யோவ், எங்கய்யா போற?"

"கண்டபடி அடிக்கறானுங்கமே. கேக்கல ஒனக்கு?"

"ஒடைக்கட்டும். எல்லாத்தியும் ஒடச்சி எடுத்துகினு போவட்டும். நீ போவாத."

"எங்க போனாலும் அது ஓடணுமில்லமே" என்றான் அவன். "வூட்ல அரிசியும் இல்ல."

வேட்டியை விட்டுவிட்டாள். அவன் ஸ்பானரை என் கடையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனான். ஒரு வாரம் போல அந்த வேலை நடந்தது. தான் பூட்டின ஒவ்வொரு நட்டையும் அவனே கழற்றினான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. ஊரில் சிலர் அவனைக் காறித் துப்பினார்கள். துப்பினவர்களில் பாதிப் பேர் கடைசி இரண்டு நாள் மூட்டை தூக்கப் போனவர்கள்தான். யாரைச் சொல்லி என்ன? ஒருத்தன் வயிற்றைக் காயப்போட்டு, பிறகு அவன் கையாலேயே அவன் பிழைப்பைப் பிரிக்க வைக்கிற புத்தி யாருக்கு இருந்ததோ, அவனைக் கேட்க இந்த ஊரில் ஒருத்தன் இல்லை.

கடைசி லாரி வெளியே வந்த அன்றைக்கு அந்தக் கோயமுத்தூர்க்காரரே காரில் வந்திருந்தார். ரீலிங் மெஷின்களைத்தான் அதில் ஏற்றியிருந்தார்கள். மேலே இருந்தது சவுரியம்மாளின் மெஷின். சட்டத்தில் சந்தனச் சிலுவை காய்ந்துபோய் அப்படியே இருந்தது. ஏதோ ஒரு சட்டம் ஆடுகிறது, கட்டுவதற்குப் பழைய டியூப் இருக்குமா என்று அவர் என் கடைக்கு வந்தார். தலைக்கு மேல் முப்பது டியூப் தொங்கிக்கொண்டிருந்தது. இல்லை என்றேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பெஞ்சில் சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்துபோயிற்று.

"அம்மா, நீங்கதானுங்களே அன்னைக்கு மெஷினைச் சுத்திக் காட்டுனது? நீங்க சொன்னது அத்தனையும் நெசமுங்க. பழைய இரும்பா எடைக்கு எடுக்கலாம்னுதான் நாங்க வந்தது. நீங்க பண்ணி வெச்சிருந்த சுத்தத்தையும் சொன்ன வெவரத்தையும் பார்த்துத்தானுங்க, சரி, ஓட்டறதுக்கே எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணுனோம். இல்லாட்டி உங்க ஓனர் கேட்ட ரேட்டுக்கு நாங்க போயே இருக்க மாட்டோமுங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். அந்த மனிதரிடம் சூது இல்லை, அதுதான் கொடுமை. சவுரியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது வரைக்கும் தெரியாது. தங்களை ஏமாற்றி மெஷின்களை எடுத்துப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். தானே துடைத்து, தானே விலை ஏற்றி, தானே நாற்காலி போட்டு விற்றுக் கொடுத்திருக்கிறோம் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. என் கையில் பம்ப் இருந்தது. அதைத் தூக்கி எவன் மண்டையில் போடுவது என்று தெரியாமல் நின்றேன். போட வேண்டிய மண்டை மெட்ராஸில் ஏதோ ஒரு பங்களாவில் இருந்தது.

"எந்த ஊருக்குங்க போவுது?" என்று கேட்டாள்.

"பல்லடம் பக்கமுங்க."

"அங்க யாரு ஓட்டப் போறாங்க?"

"பொம்பளைங்கதானுங்க. உங்களாட்டந்தான்."

சவுரியம்மாள் எழுந்து லாரியிடம் போனாள். போலீஸ்காரி ஒருத்தி தடுக்க வந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ நின்றுவிட்டாள். சவுரியம்மாள் லாரியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அந்தப் பொம்பளைங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆயுத பூஜைக்கு மெஷினத் தொடைக்க வேணாம். துரு ஏறிக் கெடக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை. வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.